அரிசிப் பானைக்குள் ஒரு காகிதம்

கேள்வி: ஐயா, எனக்குத் தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 38, பள்ளியில் கணக்கு ஆசிரியை. பதினொரு சிறுகதைகள் அச்சில் வந்திருக்கின்றன. இப்போது எங்கள் வீட்டுக் கதையை நாவலாக எழுதுகிறேன். 1942இல் எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் மாட்டிக்கொண்டபோது ஊரில் காத்திருந்த அப்பத்தாவின் கதை. எண்பத்தைந்து வயது அயித்தை (அத்தை) சொல்லக் கேட்டு எழுதுகிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் எட்டு மாதமாக நின்றுபோனேன். ஒரு நாள் இரவு பொறுக்கமாட்டாமல் சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். அரை நிமிடத்தில் இரண்டு பக்கம் வந்தது. அதில் ஒரு பத்தியை அப்படியே சேர்த்துக்கொண்டேன். கைப்பிரதியைப் படித்த தோழி அந்தப் பத்தியைத்தான் மெச்சினாள். அன்றிலிருந்து எழுத உட்கார்ந்தால் திருடியைப் போல இருக்கிறது. கருவியை விட்டுவிடவும் மனமில்லை. ஒற்றுப்பிழை, தேதி, பர்மா விவரம் என்று தினமும் கேட்கிறேன். பல நேரம் நன்றாகவே உதவுகிறது. ஒரு நாவல் போட்டிக்கு அனுப்ப ஆசை. 'செயற்கை நுண்ணறிவின் துணையின்றி எழுதியது' என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? இப்படி எழுதினால் நான் எழுத்தாளர்தானா? அத்தியாயத்தின் இரண்டு வடிவங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கையெழுத்துக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது போடாதீர்கள். அந்தப் பத்தி உள்ளே இருக்கும்வரை அது பொய்க் கையெழுத்து. பத்தியை எடுத்துவிட்டால், ஒற்றுப்பிழை பார்க்க மட்டும் கருவியைப் பயன்படுத்தியது விதிக்குள் வருமா என்று போட்டி நடத்துகிறவர்களுக்கே நாலு வரி எழுதிக் கேளுங்கள். வருகிற பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதியை எழுதியவர்களே பிழைதிருத்தியை யோசித்திருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம். கேட்டால்தான் யோசிப்பார்கள்.

இனி அத்தியாயத்துக்கு வருகிறேன். எது நீங்கள் எழுதியது, எது கருவி எழுதியது என்று தாளில் குறிக்கவில்லை. குறிக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஒன்றில் இப்படி இருக்கிறது: "ரங்கூனிலிருந்து காகிதம் வந்தது. அப்பத்தா பிரிக்கவில்லை. அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியில் வைத்தார். மூன்று நாள் அந்தப் பானையிலிருந்து அரிசி எடுக்கவில்லை." அதோடு பக்கம் வெறுமையாக இருக்கிறது.

மற்றதில் இப்படி: "நடுங்கும் விரல்களால் ஆச்சி கடிதத்தைப் பிரித்தாள். எழுத்துகள் கண்ணீரில் மங்கின. ஒரு ஆழ்ந்த மூச்சை உள்ளிழுத்துக்கொண்டாள். அந்தப் பழைய மாளிகையின் சுவர்கள் சொல்லப்படாத ஆயிரம் கதைகளை மௌனமாகச் சுமந்து நின்றன. வெளியே ஆகஸ்ட் மாத மழை பெய்யத் தொடங்கியது."

இருபத்தாறு ஆண்டுகளாக மற்றவர்களின் நாவல்களைத் திருத்திப் பிழைக்கிறேன். இந்த இரண்டாவது பத்தி எனக்குப் பழைய சிநேகிதம். கருவிகள் வருவதற்கு முன்பே ஆண்டுக்கு இருபது கைப்பிரதியில் இதைப் பார்த்திருக்கிறேன். மனிதர்களும் இப்படி எழுதுவார்கள், அவர்களிடமிருந்துதான் கருவி கற்றது. கதைகளைச் சுமக்கிற சுவர்களை நான் அடித்து அடித்தே ஒரு பேனாப் பெட்டி காலியாகியிருக்கும்.

மழையைப் பாருங்கள். நம் பக்கத்தில் மழை அவ்வளவு மலிவா? கூரைத் தண்ணீர் வளவு முற்றத்தில் விழட்டும், பிடித்துக்கொள்ளலாம் என்று வீட்டையே அதற்குத் தோதாகக் கட்டிய சீமை இது. மழை தூறினால் எந்த அப்பத்தாவும் கடிதத்தோடு தூணில் சாய்ந்து நிற்கமாட்டார். அண்டாவையும் கிடாரத்தையும் முற்றத்துக்கு இழுப்பார், ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். பிறகு அந்த 'ஆழ்ந்த மூச்சை உள்ளிழுப்பது'. தமிழில் நாம் பெருமூச்சு விடுவோம். உள்ளிழுப்பதை யாரும் கவனித்துச் சொன்னதில்லை. அடுத்த பக்கத்தில் கணக்குப்பிள்ளை ஒருவர் 'தோள்களைக் குலுக்கினார்' என்று வருகிறது. நான் ஒரு கணக்குப்பிள்ளையின் மகன். என் தகப்பனார் கோட்டையூரில் ஒரு வீட்டுக்கு முப்பது ஆண்டு கணக்கு எழுதினார். தெரியாது என்பதற்கு அவர் உதட்டைப் பிதுக்குவார். தோளைக் குலுக்கிய மனிதரை நான் எங்கள் ஊரில் சாமியாட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

இது ஏன் இப்படி வருகிறது என்பதை உங்களுக்கு விளக்குவது எளிது, நீங்கள் கணக்கு ஆசிரியை. இந்தக் கருவிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழகியவை. எல்லாம் நிகழ்தகவுதான். படித்தவற்றில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் தமிழ் எழுதும்போதும் ஆங்கில உடம்பு அசைகிறது: மூச்சை இழுக்கிறது, தோளைக் குலுக்குகிறது. போர், கடிதம், காத்திருக்கும் பெண் என்று மூன்றைக் கொடுத்தால், மிக அதிகம் பேர் நடந்த பாதையில் அது நடக்கும். அந்தப் பாதையில் நடுக்கமும் கண்ணீரும் மழையும் இருக்கின்றன. அரிசிப் பானையின் நிகழ்தகவு அநேகமாகச் சுழி. கருவி அங்கே தானாகப் போய்ச் சேராது. உங்கள் வீட்டில் யாரோ ஒருத்தி போனாள்.

தோழி பொய் சொல்லவில்லை. ஏற்கெனவே பிடித்துப்போன வாக்கியம் மறுபடி வந்தால் காது தலையாட்டும். சினிமாப் பாட்டின் மெட்டில் இன்னொரு பாட்டு வந்தால் முதல் தடவையே வாய் கூடப் பாடுகிற மாதிரிதான். அவரிடம் ஒன்று செய்து பாருங்கள். அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, எது ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். பானை என்றுதான் சொல்வார் என்று பத்து ரூபாய் பந்தயம் கட்டுகிறேன்.

எட்டு மாதம் நின்றுபோனேன் என்று எழுதியிருக்கிறீர்கள், குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. அந்த வெற்றுப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்: மூன்று நாள் அரிசி எடுக்கவில்லை என்பதற்கு அடுத்த வரியில். நான்காம் நாள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியவில்லை. அப்பத்தாவுக்கு அந்தக் காகிதத்தில் என்ன இருக்கும் என்று பயம், உங்களுக்கு அப்பத்தாவிடம் என்ன இருக்கும் என்று பயம். நாவல் இருக்கிற இடம் அதுதான். தெரியாமல் தவிக்கிற அந்த இடத்தில்தான் எழுதுகிறவருக்கு வேலை. தெரிந்த இடங்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். கருவிக்குத் தவிப்பு கிடையாது. நீங்கள் தவிக்கிற இடத்தில்தான் அது அரை நிமிடத்தில் ஓடி வருகிறது. அங்கே அதை உள்ளே விட்டதுதான் நீங்கள் செய்த பிழை. மற்றபடி பயன்படுத்தியதற்காக நான் உங்களைக் கடிந்துகொள்ளமாட்டேன்.

'பல நேரம் நன்றாகவே உதவுகிறது' என்கிறீர்கள். உதவிய விவரங்களைக் கொஞ்சம் உரசிப் பார்த்தேன். நாவலில் 1942இல் ஒருவர் 'சிவகங்கை மாவட்டம்' என்று விலாசம் எழுதுகிறார். அந்த மாவட்டம் பிறந்தது 1985இல். அன்றைக்கு நாம் இராமநாதபுரம் ஜில்லா. அங்கேயே ஒரு பையன் 'ஐம்பது பைசா'வுக்கு மிட்டாய் வாங்குகிறான். ரூபாய்க்கு நூறு பைசா என்பது 1957 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன் அணா, தம்பிடி. எட்டணாவுக்கு மிட்டாய் வாங்கியிருந்தால் அந்தப் பையனை வீட்டில் கட்டிவைத்து விசாரித்திருப்பார்கள்.

'ஆச்சி'யையும் பாருங்கள். உங்கள் பத்தியில் அப்பத்தா, கருவியின் பத்தியில் ஆச்சி. திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி. உங்கள் வீட்டில் ஆச்சி என்றால் அக்காள், அல்லது மரியாதையாகக் கூப்பிடும் எந்தப் பெண்ணும். அப்பாவின் தாய் அப்பத்தா, அம்மாவின் தாய் ஆயா. செட்டிநாடு என்றதும் ஆச்சி என்ற சொல் அதற்கு நினைவு வருகிறது, உறவு வரவில்லை. ஒரே சொல்லில் உங்கள் அப்பத்தாவை ஐயாவுக்கு அக்காளாக்கிவிட்டது. நீங்களும் அதைக் கவனிக்காமல் சேர்த்திருக்கிறீர்கள், அதுதான் எனக்குக் கவலை. நாலு நாள் கருவியோடு பேசினால் நம் காதே மழுங்குகிறது.

இன்னொன்று, ஆத்தங்குடிக் கல். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் தளக்கற்கள் 'சூளையில் வெந்து செக்கச் சிவந்து' வருகின்றன. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதே இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோகச் சட்டத்தை வைத்து, பூவேலைக்கான அச்சின் கட்டங்களில் வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, அதன் மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவல், அதன் மேல் ஈரக் கலவை. கல்லின் முகம் அடியில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும். செய்கிறவருக்கு முதுகுதான் தெரியும். உலர்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப் போட்டு, எடுத்து வெயிலில் வைப்பார்கள். கண்ணாடியைக் கழற்றும்போதுதான் பூ எப்படி விழுந்தது என்று தெரியும். பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, மெருகு போட வேண்டியதில்லை. கையால் ஊற்றுவதால் ஒரு கல் போல இன்னொரு கல் இராது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் பார்த்துவிட்டு வரலாம். சூளை என்று எழுதிவிட்டுப் போனால் ஒரு பிழை. போய்ப் பார்த்தால், முகத்தைப் பார்க்காமல் செய்கிற வேலை என்ற ஒன்று கைக்குக் கிடைக்கும். உங்கள் அப்பத்தாவின் கதையில் அதற்கு எங்கோ ஓர் இடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் பெரியது அந்த ஆகஸ்ட். ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. ஜப்பானியப் படை நகரத்துக்குள் வந்தது 1942 மார்ச் 8. அதற்குப் பின் ரங்கூனிலிருந்து காரைக்குடிப் பக்கம் சாதாரணத் தபால் எப்படி வரும்? ஆகஸ்டில் காகிதம் வந்தது என்றால் எந்தத் தபால்காரர் கொண்டுவந்தார்? கருவி இதை யோசிக்கவில்லை, அதற்கு மழை வேண்டியிருந்தது. தேதியைச் சரிசெய்தால் உங்கள் கதை திறக்கிறது. காகிதம் தை அல்லது மாசியில் வந்திருக்க வேண்டும், குண்டு விழ ஆரம்பித்த பிறகு எழுதியது. அப்படியானால் அப்பத்தாவுக்குத் தெரியாமலே அது கடைசிக் காகிதம். மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தார் என்பதற்கு இப்போது எடை எவ்வளவு ஏறுகிறது பாருங்கள். இந்த விவரத்தை நான் எடுத்துக் கொடுத்ததும் உதவிதான். நான் ஆங்கிலம் படித்த கிழவன், கருவியும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் நீங்கள் என் சொல்லையும் சரிபார்ப்பீர்கள். அதன் சொல்லைச் சரிபார்க்கவில்லை, ஏனென்றால் அது தயங்காமல் பேசுகிறது.

சரிபார்க்க இடம் இருக்கிறது. கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டு அச்சுகளும்தான் சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளம். விடுமுறையில் இரண்டு நாள் போய் அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டுங்கள். செய்தியைவிட விளம்பரங்களைப் பாருங்கள், விலைகள் அங்கேதான் இருக்கும்.

திருட்டுக்கு வருகிறேன். யாரிடம் திருடினீர்கள் என்று நினைக்கிறீர்கள்? கருவியிடம் என்றால் அதற்கு வலிக்காது. சட்டத்தைக் கேட்டால், நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் சேர்த்த ஒரு வரி, கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்கிறது. அந்த வரியை எழுதியவர்கள் இன்றைய கருவிகளைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள், ஆகையால் அதன் மேல் சாய்ந்து உட்காராதீர்கள். எந்த எழுத்தாளர்களின் புத்தகங்களைக் கேட்காமல் ஊட்டிக் கருவியை வளர்த்தார்களோ அவர்களிடமிருந்து என்றால், அந்த உறுத்தல் நியாயமானது. எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கடனில் உங்கள் பங்கு சிறிது. 2025 ஜூனில், எழுத்தாளர்கள் போட்ட ஒரு வழக்கில் அமெரிக்க நீதிபதி ஒருவர், புத்தகங்களைக் கொண்டு பயிற்றுவிப்பது நியாயமான பயன்பாடு, ஆனால் திருட்டுப் பிரதிகளைச் சேர்த்து வைத்தது அப்படியல்ல என்றார். செப்டம்பரில், சாட்ஜிபிடி போன்ற ஒரு கருவியைச் செய்யும் ஆந்த்ரோபிக் நிறுவனம் அந்த வழக்கில் 150 கோடி டாலர் தரச் சம்மதித்தது: ஏறத்தாழ ஐந்து லட்சம் புத்தகங்களுக்கு, தலைக்குச் சுமார் 3,000 டாலர். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்த நூல்களுக்குத்தான் அந்தப் பணம். காரைக்குடியில் அச்சடித்த கவிதைத் தொகுப்புக்கு மணியார்டர் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

எதிர்த்துப் போராடியவர்களும் கருவியை அடியோடு விரட்டவில்லை என்பதையும் கவனியுங்கள். 2023இல் அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிடைத்த ஒப்பந்தப்படி, கருவியைப் பயன்படுத்து என்று எழுத்தாளரை நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. எழுத்தாளர் விரும்பினால், நிறுவனம் சம்மதித்தால், பயன்படுத்தலாம். ஜப்பானிய எழுத்தாளர் ரியே குதான் 2024 ஜனவரியில் அகுதகவா என்ற இலக்கியப் பரிசு வாங்கியபோது, நாவலில் சுமார் ஐந்து சதவீதம் சாட்ஜிபிடி தந்த வரிகள் என்று தானே சொன்னார். உலகம் குதித்தது. பிறகு விளக்கினார்: கதையில் ஒரு பாத்திரம் கருவியிடம் கேள்வி கேட்கிறது, அதன் பதில் வரும் இடத்தில்தான் அந்த வரிகள். இயந்திரம் பேச வேண்டிய இடத்தில் இயந்திரத்தைப் பேச விட்டிருக்கிறார். உங்கள் அப்பத்தா இயந்திரம் இல்லை.

கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் உங்கள் கடிதத்தின் மடிப்புக்குள் இருக்கிறது. அதைப் பற்றி என் தலைக்குனிவு ஒன்றைச் சொல்கிறேன். 2023இல் எனக்கு ஒரு கைப்பிரதி வந்தது. வாக்கியங்கள் எல்லாம் ஒரே உயரம், வழவழவென்று. எனக்குச் சந்தேகம். இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் என்று சொல்லிக்கொண்ட ஒரு கருவியில் சில பக்கங்களைப் போட்டேன். இயந்திரம்தான் என்றது. 'சொந்தமாக எழுதியதை அனுப்பலாமே' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பினேன். பத்து நாள் கழித்து, குன்றக்குடிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மஞ்சள் பையோடு வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். பைக்குள் ஒன்பது நீள நோட்டுகள். முழுவதும் கையெழுத்து, அடித்தல் திருத்தல். ஓரங்களில் துவரம்பருப்பு, பல்பொடி என்று மளிகைக் கணக்கு. நாற்பது ஆண்டு பாடநூல் நடத்திய மனிதரின் தமிழ் பாடநூல் போல இருந்ததில் என்ன குற்றம்? காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதாது என்று அந்த ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டதைப் பிற்பாடுதான் படித்தேன். அதற்குப் பின் நான் எந்த எழுத்தையும் அந்த வகைக் கருவியில் போடுவதில்லை. நடை சரியில்லை என்றால் நடை சரியில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

எதற்குப் பயன்படுத்தலாம் என்று கேட்பீர்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வட்டித்தொழில் செய்ய, போன கடைகளில் முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருந்தது உங்களுக்குத் தெரியும். பெட்டியடிப் பையன் சுறுசுறுப்பானவன், ஓடி ஓடி வேலை செய்வான். பெட்டிச் சாவி மட்டும் அவனிடம் இராது. அந்த வேலைகளைக் கொடுங்கள். ஒற்றுக்கு நாவி, எழுத்துப் பிழைக்கு வாணி என்று தமிழுக்கே செய்த திருத்திகள் இருக்கின்றன, அவை வாக்கியத்தை மாற்றி எழுத முனைவதில்லை. எண்பத்தைந்து வயது அயித்தை பேசுவதை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கச் சொல்லலாம். ஆனால் அயித்தையின் 'அப்பச்சி'யை அது 'அப்பா'வாக்கும், பதிவைக் கேட்டுத் திருத்துங்கள். நான் அதிகம் பயன்படுத்துவது வேறு ஒன்றுக்கு: முழு நாவலையும் கொடுத்து, வயது, ஆண்டு, உறவு எங்கே இடிக்கிறது என்று பட்டியல் கேட்பேன். ஏழாம் அத்தியாயத்தில் செத்த மாடு பத்தாம் அத்தியாயத்தில் பால் கறப்பதை அது என்னைவிட வேகமாகப் பிடிக்கிறது. பாதி தவறாகவும் பிடிக்கும். பரவாயில்லை, பார்க்க வேண்டிய இடம் தெரிகிறது.

உரையாடலைக் கொடுக்காதீர்கள், முடிவைக் கொடுக்காதீர்கள். முதல் வரைவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அயித்தை உங்களிடம் மட்டும் சொன்ன சொத்து விவகாரமும், வீட்டில் இருக்கும் இசைகுடிமானமும் (கல்யாண ஒப்பந்த ஓலை), பெயர்களோடு கருவிக்குள் போக வேண்டாம். நாம் தட்டுவதை அடுத்த பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தச் சேவைகளில் உண்டு. அதை நிறுத்தும் அமைப்பு இருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நாவலைக் கிண்டிலில் நீங்களே பதிப்பிக்க நினைத்தால் அங்கேயும் ஒரு விதி இருக்கிறது. 2023 செப்டம்பர் முதல், கருவி உருவாக்கிய உரையோ படமோ மொழிபெயர்ப்போ இருந்தால் அமேசானிடம் சொல்ல வேண்டும். பிற்பாடு எவ்வளவு திருத்தினாலும் அது கருவி உருவாக்கியதுதான். நீங்கள் எழுதியதைச் செப்பனிட உதவியது என்றால் சொல்ல வேண்டியதில்லை.

என் தகப்பனாரின் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் தினக் குறிப்பை விளக்கு வைப்பதற்குள் எழுதி முடிப்பார். கைமாற்று வாங்கியது காலணாவானாலும் ஏறிவிடும்: யாரிடம், எதற்கு, எப்போது திரும்பியது. பேரேடும் ஐந்தொகையும் அப்புறம்தான், எல்லாம் அந்தக் குறிப்பிலிருந்துதான் பிறக்கும். நாவலுக்கு ஒரு தனி நோட்டுப் போட்டு அப்படி எழுதுங்கள். இன்ன தேதி, இன்னது கேட்டேன், இன்னது தந்தது, இதை வைத்துக்கொண்டேன், இதைத் தள்ளினேன். பதிப்பாளரோ போட்டிக்காரரோ கேட்டால் நோட்டை நீட்டலாம் என்பது ஒரு லாபம். எனக்குத் தெரிந்த ஓர் எழுத்தாளர் இரண்டு மாதம் எழுதிப் பார்த்துவிட்டு, வரவுப் பக்கத்தில் பெரும்பாலும் தள்ளியவைதான் இருக்கின்றன, மாலை நேரம் வீணாகப் போகிறது என்று கருவியையே குறைத்துக்கொண்டார். இன்னொருவருக்கு அது நேர்மாறாக இருந்தது, இன்னும் பயன்படுத்துகிறார். உங்களுக்கு எப்படி என்று உங்கள் நோட்டுத்தான் சொல்லும்.

எழுத்தாளர்தானா என்ற கேள்விக்கு எட்டு மாதம் ஒரு பானையின் முன் உட்கார்ந்திருந்ததே பதில். வேறு யாரும் அப்படி உட்காரமாட்டார்கள், சம்பளமும் கிடையாது.

கருவியின் பத்தியை எடுத்துவிடுங்கள். எடுத்தபின் வருகிற வெற்றிடத்தை உடனே நிரப்ப வேண்டாம். அதற்கு முன் அயித்தையிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மூன்று நாள் அந்தப் பானையில் அரிசி எடுக்கவில்லை என்றால் அடுப்பில் என்ன வெந்தது? கொழுந்தன்மார் குடும்பங்கள் வேறுவைத்து அதே வளவுக்குள் தனித்தனி அடுப்படியில்தான் சமைத்திருப்பார்கள். அப்பத்தா பக்கத்து அடுப்படிக்குப் படியைத் தூக்கிக்கொண்டு கைமாற்று அரிசி கேட்கப் போனாரா? போயிருந்தால், பானை நிறைய அரிசியை வைத்துக்கொண்டு ஏன் கேட்கிறாய் என்று அந்த வீட்டுக்காரி கேட்டிருப்பாளே. அதற்கு அப்பத்தா என்ன சொன்னார்?